தொட்டியில் ஊற்றிய பால்

கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த குழந்தையின் வயிறு காலையில் வடிந்திருந்தது.

நந்தினி அதை உடனே நம்பவில்லை. உப்பி, தோல் மினுமினுத்து, நீல நரம்புகள் ஓடத் தெரிந்த வயிறு அது. நேற்று சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது குட்டித் தலையணையில் காற்றுப் போனதுபோல் மெத்தென்று ஏறி இறங்கியது. மூக்கில் மாட்டிய காற்றுக் குழாய் மட்டும் பழையபடி சீறிக்கொண்டிருந்தது.

அவள் இங்கே வந்து சேர்ந்தது இப்படித்தான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பேஸ்டிங், அதாவது பசை தடவும் வேலை. ஏழாம் மாதம் தொடங்கிய கையோடு, லைனில் நின்றபடியே இடுப்பு வலி. கம்பெனி வேனில் ஏறி, பிறகு ஆம்புலன்ஸுக்கு மாறி, வேலூர் வந்து இறங்கியதும் பிள்ளை பிறந்துவிட்டது. ஒரு கிலோவை ஒட்டிய எடை. "எனக்குப் பால் வரல சிஸ்டர்" என்று அன்றிலிருந்து அவள் சொல்லி வந்ததால், ஆஸ்பத்திரியின் பால் வங்கியிலிருந்து எடுத்துத் துளித்துளியாகக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் வயிறு உப்பியது. பாலை நிறுத்திவிட்டார்கள்.

ரவுண்ட்ஸ் வந்த அக்சா டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்டெத்தை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டினார். மத்தியானத்துக்கு மேல் மறுபடி பால் ஆரம்பிக்கலாம் என்றார். இந்த முறை பெற்றவளின் பாலே கிடைத்தால் நல்லது. குடல் இன்னும் சரியாகப் பழகவில்லை, அதற்கு அதுதான் தோது என்று நிதானமாகச் சொன்னார். பால் வங்கியிலும் இன்று கையிருப்பு இல்லை.

"ரெண்டு மில்லி போதும் நந்தினி. ஒரு ஸ்பூன்ல பாதிகூட இல்ல. முயற்சி பண்றீங்களா?"

நந்தினி பெட்டியைப் பார்த்தபடியே தலையசைத்தாள். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

அவள் நைட்டிக்குள் மடித்து வைத்திருந்த துணி அப்போதே நனையத் தொடங்கியிருந்தது.

தாய்மார்கள் தங்கும் அறை அதே மாடியின் கோடியில் இருந்தது. வரிசையாகக் கட்டில்கள், ஒரு திரை, திரைக்குப் பின்னால் நாற்காலியும் கை கழுவும் தொட்டியும். பால் பீய்ச்ச வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். நந்தினி திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். மார்பு கல்லாக இருந்தது. தொட்டதும் வலியில் கண்ணில் நீர் வந்தது. ஸ்டீல் கிண்ணத்தைப் பிடித்தாள். முதலில் சொட்டாக, பிறகு நூலாக விழுந்தது. மஞ்சள் கலந்த வெள்ளை.

கிண்ணத்தில் பாதி நிரம்பியதும் எழுந்து, குழாயைத் திறந்துவிட்டு, பாலைத் தொட்டியில் ஊற்றினாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டால் கை கழுவுகிறாள் என்று நினைப்பார்கள். பிள்ளை பிறந்த மறுநாளிலிருந்து இப்படித்தான் செய்துவந்தாள்.

அந்த மறுநாள் காய்ச்சலோடு படுத்தபடி போனில் தேடியிருந்தாள். பிள்ளை ஏன் அவசரப்பட்டுப் பிறந்தது என்றுதான் முதலில் கேட்டாள். போன் ஒன்றிலிருந்து ஒன்றாக இழுத்துக்கொண்டு போனது. ரசாயன வாசனையும் கர்ப்பமும். பசை வேலையும் கர்ப்பமும். கடைசியில் ஒரு பக்கம், எந்த நாட்டுக்காரர்கள் எழுதியதோ, இயந்திரம் மொழிபெயர்த்த கரடுமுரடான தமிழில் சொன்னது: கரைப்பான்கள் தாயின் கொழுப்பில் தங்கும், பால் வழியாகச் சிசுவுக்குச் செல்லும்.

கரைப்பான் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் படம் இருந்தது. பிரஷ், தகர டின், மஞ்சள் பசை.

அவளுடைய லைனில் பசையை சொல்யூஷன் என்பார்கள். எப்போதும் வெள்ளை சொல்யூஷன்தான். தண்ணீரில் கரைவது, காய நேரமாகும், வாசனை கம்மி. ஷிப்மென்ட் நெருங்கியதும், சீக்கிரம் காய வேண்டுமென்று மஞ்சள் வந்தது. மூக்கைத் துளைக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவினாலும் சோற்றில் அந்த வாசனை ஏறும். கொஞ்ச நாள்தானே என்று லைன் சூப்பர்வைசர் சொன்னார். அந்த சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அவளுடைய கணவனின் அண்ணன் தணிகாசலம். அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். இப்போது தினமும் ஷிப்ட் முடிந்து ஆம்பூரிலிருந்து பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டுவருகிறவரும் அவர்தான்.

என் உடம்பே விஷம் என்று நந்தினி முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கிண்ணத்தை அவசரமாக அலசி வைத்தாள்.

வந்தது ஹீனா. பக்கத்துக் கட்டில், பேரணாம்பட்டுக்காரி. அவளுடைய பெண் குழந்தையும் உள்ளேதான் இருந்தது. ஆனால் தேறிவிட்டது, இன்னும் சில நாளில் வீடு.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத" என்று ஹீனா கட்டிலில் உட்கார்ந்தாள். "எனக்குப் பாலு ஜாஸ்தி. என் பொண்ணு குடிச்சி மிச்சம் எல்லாம் பிரிட்ஜுல கெடக்குது. உன் பையனுக்குக் கொடுக்கட்டுமா?"

நந்தினி ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள்.

ஹீனாவிடம் பால் வங்கிக்குக் கேட்டபோது அவள் மறுத்தது இந்த அறைக்கே தெரியும். சிலர் முகம் சுளித்தார்கள். ஹீனா இப்போது அதற்குக் காரணம் சொன்னாள். அவர்கள் மார்க்கத்தில் ஒருத்தியின் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளை அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்ற பெண்ணுக்கு அண்ணன், தம்பி. நாளைக்கு அவர்களுக்குள் கல்யாணம் பேச முடியாது. வங்கியில் எல்லார் பாலும் கலந்துவிடும், எந்த வீட்டுக்குப் போகிறதென்று தெரியாது. அந்த பயம்தான்.

"உன் பையன்னா தெரியுமில்ல. என் வீட்டுக்காரரு ஆபித்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன். என் மாமியாரைக் கேட்டுட்டு சரின்னு சொல்லிட்டாரு. உன் ஊரு, உன் வீட்டுக்காரர் பேரு எல்லாம் கேட்டு வெச்சிக்கச் சொன்னாரு. பின்னாடி மறந்துடக் கூடாதுன்னு."

பிறகு லேசாகச் சிரித்தாள். "பயப்படாத. ரம்ஜானுக்குப் பிரியாணி கேட்டு வந்தா போடுவேன். சொத்துல பங்கு கேட்டாத்தான் பேஜாரு."

நந்தினிக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு வீடே உட்கார்ந்து பேசி, தங்கள் பெண்ணுக்கு ஓர் அண்ணனை ஏற்றுக்கொள்ளத் தயாராகியிருக்கிறது. இங்கே தொட்டியின் வாயில் இன்னும் ஒரு வெள்ளைத் துளி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சிஸ்டரைக் கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

பரணிதரன் கீழே காத்திருப்போர் கூடத்தில் இருந்தான். கட்டிங் மெஷின் வேலை அவனுக்கு, வேறு கம்பெனியில். லீவு சொல்லிவிட்டு இங்கேயே கிடந்தான். குழந்தைக்கு மத்தியானம் பால் ஆரம்பிக்கிறார்கள் என்று செக்யூரிட்டி மூலம் சேதி வந்ததும், அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் உதவப் பார்த்தான். போனை எடுத்து, தாய்ப்பால் சுரக்க என்ன சாப்பிடலாம் என்று தேடப் போனான்.

'தாய்' வரை அடித்ததும் கீழே வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றின் முன்னாலும் சின்னக் கடிகாரப் படம். ஏற்கெனவே தேடியவை.

தாய்ப்பாலில் சொல்யூஷன் விஷம் இருக்குமா.

தாய்ப்பாலை நிறுத்த மாத்திரை.

தாய்ப்பால் கொடுத்தால் குழந்தை இறக்குமா.

அவன் இதில் எதையும் தேடியதில்லை. நந்தினி தேடியது என்று சட்டென்று புரிந்தது. அவர்கள் வீட்டில் போன் வாங்கும்போதெல்லாம் ஆம்பூர் கடைக்காரர் அண்ணன் பெயரில் இருந்த ஒரே ஜிமெயிலைத்தான் போட்டுக்கொடுத்தார். அண்ணன் மகளின் காதுகுத்துப் படங்கள்கூட வீட்டில் எல்லோர் போனிலும் வந்து விழும். அதையெல்லாம் தொந்தரவு என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

படிக்கட்டில் ஏறும்போது அவனுக்கு இன்னொன்றும் உறைத்தது. அவள் தேடியது இங்கே தெரிகிறது என்றால், அவன் தேடியது அங்கேயும் தெரிந்திருக்கும்.

தாய்மார் அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. வாசலில் நின்று நந்தினியைக் கூப்பிட்டு அனுப்பினான். இருவரும் நடைக்கூடத்து ஜன்னலோரம் நின்றார்கள். கீழே ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன.

"பாலு வர்லன்னு சொன்னியே, நெசமா?"

அவள் நைட்டியின் நனைந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நந்தினி. வருதா, வர்லியா?"

"வருது."

"அப்ப?"

"கீழ ஊத்திடறேன்."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். போனை நீட்டி, இதைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னான்.

"நானும் பார்த்தேன்" என்றாள் அவள். "நாலு நாளாச்சு. மூச்சுத்திணறல்னு தேடப் போனேன். மூன்னு போட்டதும் வந்துச்சு. மூளையில் ரத்தக்கசிவு, கொழந்தை நடக்குமா, பேசுமான்னு. யாரு தேடினதுன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. எங்கிட்ட நீங்க சொல்லல."

பரணிதரன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். காய்ச்சலில் கிடந்தாய், தேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்றான். தேறிய பிறகு ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். தினமும் மேலே ஏறி வந்து, நன்றாக இருக்கிறான், கையை ஆட்டினான் என்று சொல்லிவிட்டு, கீழே போய்ப் போனில் விழுந்து படித்தவன் அவன்.

"அதையும் நான்தான் பண்ணிட்டேன்னு நெனைச்சேன்" என்றாள் நந்தினி. குரல் அடங்கியே இருந்தது. "மூளை வரைக்கும் போயிருக்குதுன்னு. அப்புறம் எப்படிங்க அதே பாலை அவன் வாயில விடுவேன்?"

அவள் திரும்பித் தாய்மார் அறையின் கதவைப் பார்த்தாள்.

"ஹீனா அவ பாலைக் கொடுக்கறேன்னு சொல்றா. வீட்ல பேசி முடிவு பண்ணிட்டாங்க. என் பொய்யை நம்பி அவ பொண்ணுக்கு ஒரு அண்ணனை ஏத்துக்கறாங்க. அது தாங்கல."

"வா" என்றான் பரணிதரன். "டாக்டரைக் கேக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்தே கேக்கலாம்."

அக்சா டாக்டர் நர்ஸ்கள் மேஜையருகே நின்றபடியே கேட்டார். பக்கத்தில் தேவகிருபை சிஸ்டர் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றிக்கொண்டிருந்தவர், நந்தினி பாலை ஊற்றிய கதை வந்தபோது கையை நிறுத்திவிட்டார். தினமும் அந்தக் கிண்ணத்தை வெறும் கிண்ணமாகப் பார்த்து, கவலைப்படாதே, வரும் என்று முதுகைத் தடவிக்கொடுத்தவர் அவர்.

டாக்டர் கோபப்படவில்லை. எந்தப் பக்கத்தில் படித்தாள் என்று கேட்டு, போனை வாங்கி, அந்தக் கரடுமுரடான தமிழை முழுதும் படித்தார். இது முழுப் பொய்யும் இல்லை என்றார்.

"தினமும் அதை மூச்சுல இழுத்துக்கிட்டே பால் கொடுக்கறவங்களுக்கு எழுதினது இது. நீங்க அந்தப் பக்கம் போயி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. இந்த மாதிரி வாசனைச் சரக்கு பெரும்பாலும் மூச்சு வழியாவே சில நாள்ல வெளிய போயிடும். இன்னிக்கு உங்க பால்ல பயப்படற அளவுக்கு எதுவும் இருக்காது. என் பேஷன்டுக்கு நான் அதைத்தான் கேக்கறேன்."

"அப்ப சீக்கிரம் பொறந்தது?"

"அதுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. இது காரணமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். வயித்துப் பிள்ளையோட பார்க்கற வேலை இல்ல அது. ஆனா அந்தக் கேள்வியும் இன்னிக்குப் பாலும் வேற வேற."

மூளையின் கசிவைப் பற்றியும் இருவருக்கும் சேர்த்தே சொன்னார். சிறியது. இத்தனை சீக்கிரம் பிறக்கும் குழந்தைகளுக்கு வருவதுதான். அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தால்தான் நிலைமை தெரியும்.

"அதுவரைக்கும் எனக்கே தெரியாது. போனுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு ஒன்று கேட்டார். அந்தப் பசையின் பெயர் என்ன, டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் நல்லது. கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கலாம், பின்னால் உதவும். பரணிதரன் அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

கம்பெனி இரைச்சலுக்கு நடுவே தணிகாசலத்தின் குரல் வந்தது. பசையின் பெயரைக் கேட்டதும் இரைச்சல் குறைந்தது. எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும்.

"யாருடா கேக்கறது அதை?"

"டாக்டர்ணா. சும்மா எழுதிக்கத்தான்."

"வெள்ளைதான். தண்ணி சொல்யூஷன். எப்பவும் அதானே? டின்னெல்லாம் அன்னிக்கே ஸ்கிராப்புக்குப் போயிடுச்சி. சரி, சாயங்காலம் வர்றேன், வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார்.

நந்தினி கணவனைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"மஞ்சள் டாக்டர். கடைசி ரெண்டு மாசமும் மஞ்சள்தான்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எந்த நிறமானாலும் இன்றைக்குப் பாலுக்கு என் பதில் மாறாது என்றார். அண்ணனுக்கு ஞாபகம் பிசகியிருக்கும் என்று பரணிதரன் முணுமுணுத்தான்.

திரைக்குப் பின்னால் நந்தினி மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை தேவகிருபை சிஸ்டர் வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்த குப்பியைக் கொண்டுவந்தார். ஒரு வாரமாக ஏமாந்ததற்கு ஒரு வார்த்தை கேட்காமல் விடவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லம்மா?"

"சொன்னா நீங்க அவனைப் பார்க்கற பார்வை மாறிடும்னு பயமா இருந்துச்சு சிஸ்டர்."

சிஸ்டர் குப்பியின் மேல் 'நந்தினி பேபி' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்.

பயத்தில் முதலில் ஒன்றும் வரவில்லை. குழாயைத் திறந்துவிடாமல் உட்கார்ந்திருப்பதே புதிதாக இருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஹீனாவின் குரல், யாரோடோ போனில், உருதுவில் பேசி முடித்துத் தமிழுக்கு மாறியது.

"ஆபித் கேக்கறாரு, உன் பையன் என் பாலைக் குடிக்கலன்னா மாப்பிள்ளை சம்பந்தம் பேசற வழி திறந்தே இருக்குதான்னு."

திரைக்குப் பின்னால் நந்தினி சிரித்துவிட்டாள். அதோடு பாலும் இறங்கியது.

மூக்குக் குழாய்க்குப் பக்கத்தில், வாய் வழியாக ஒரு மெல்லிய குழாய் குழந்தையின் வயிற்றுக்குப் போயிருந்தது. சிஸ்டர் அதன் நுனியில் ஊசிக்குழலை மாட்டி உயர்த்திப் பிடித்தார். யாரும் அழுத்தவில்லை. பால் தன் எடையில் தானே இறங்கியது. மஞ்சள் கலந்த வெள்ளைக் கோடு ஒன்று குழாய்க்குள் ஊர்ந்து, வளைந்து, அவன் உதட்டைத் தாண்டி மறைந்தது.

நந்தினி பெட்டியின் துளை வழியாகக் கைவிட்டு அவன் உள்ளங்காலைத் தொட்டாள். அவளுடைய நகத்தோரத்தில் பழைய பசையின் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்தும் போகாத கறை. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பரணிதரன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, வேண்டாம், அப்படியே வை என்று தலையசைத்தான்.

சாயங்காலம் சிஸ்டர் வயிற்றை அளந்துவிட்டு, உப்பவில்லை என்றார். அடுத்த வேளைப் பாலும் போனது.

நடைக்கூடத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். தேடியதையெல்லாம் அழித்துவிடலாம் என்று நந்தினிதான் சொன்னாள். அவன் எப்படி அழிப்பது என்று காட்டினான். பட்டியல் திறந்தது. புதியது மேலே, பழையது கீழே.

அவள் விரல் அழிக்கப் போய் நின்றது.

"இது எப்பங்க தேடினீங்க?"

"எது?"

எல்லாவற்றுக்கும் மேலே, மத்தியானத்துக்குப் பிறகு தேடிய ஒன்று இருந்தது. மஞ்சள் சொல்யூஷன் கர்ப்பிணி சூப்பர்வைசர் மேல் கேஸ் வருமா.

அண்ணனோடு பேசி வைத்த பிறகு அவர்கள் இருவரும் போனில் எதையும் தேடவே இல்லை.

பரணிதரன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். காதுகுத்துப் படங்களை எடுத்த போன் யாருடையது என்று இருவருக்கும் தெரியும்.

படிக்கட்டில் பழக்கமான செருப்புச் சத்தம் கேட்டது. தணிகாசலம் சாப்பாட்டுக் கூடையோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். சட்டையில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் வியர்வை, ஆனாலும் சிரிப்பு.

"பாலு குடிச்சானாம்மா?"

"குடிச்சான் மாமா."

"எல்லாம் நல்லபடியா ஆயிடும். உனக்குப் புடிக்குமேன்னு முருங்கைக்கீரை பொரியல் வெக்கச் சொன்னேன்."

அவர் குனிந்து கூடையிலிருந்து கேரியரை எடுத்தார். தினமும் இவ்வளவு தூரம் நின்றபடியே பஸ்ஸில் வருகிற மனிதர். பரணிதரன் மனைவியின் கையை லேசாக அழுத்தினான். இப்போது வேண்டாம் என்று அர்த்தம்.

ஒரு வாரமாக வாய்மூடி இருந்த நந்தினி கையை விடுவித்துக்கொண்டாள்.

"மாமா, அந்த டின்னு வெள்ளையா மஞ்சளா?"

கேரியரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி திருகியது. மூடி ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தது.

"முதல்ல சாப்பிடும்மா" என்றார் தணிகாசலம், நிமிர்ந்து பார்க்காமல்.